வேலை போனது, குடியிருப்பும் போனது: அந்தமானில் தனித்து நிற்கும் தாய்மார்கள்

புது தில்லி: அந்தமான் காடுகளைக் காக்க உச்ச நீதிமன்றம் 2002 மே 7-ம் தேதி பிறப்பித்த உத்தரவு, சுற்றுச்சூழல் ஆர்வலர்களால் இன்றும் போற்றப்படுகிறது. அது போற்றத்தக்கதே. ஆனால் அதே காட்டை நம்பிப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்கள், குறிப்பாகக் கணவனை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள், பின்னர் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்வி தில்லியில் அதிகம் எழுந்ததில்லை.

கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 2001 அக்டோபரில் மரம் வெட்டத் தடை வந்தது. அடுத்த மாதம் சேகர் சிங் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் அது அளித்த அறிக்கையின் பெரும்பகுதியை நீதிமன்றம் ஏற்றது. தீவுவாசிகளின் சொந்தத் தேவைக்கு மட்டுமே மரம் என்று முடிவாயிற்று. பாம்பூபிளாட் போன்ற இடங்களில் இயங்கிய தனியார் ஒட்டுப்பலகை ஆலைகளின் காலம் முடிந்தது. 1883-ல் தொடங்கிய சாத்தம் அரசு மர அறுவை ஆலை தப்பிப் பிழைத்தது.

1977-ல் அமைக்கப்பட்ட அந்தமான் நிகோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கதை இன்னும் வேதனையானது. மரம் வெட்டுவதுதான் அதன் முதன்மை வருவாய். அது நின்றதும் ஊழியர்களின் சம்பளத்துக்கே மத்திய அரசிடம் கடன் கேட்கும் நிலை ஏற்பட்டது. கழகத்தை மூட மத்திய அமைச்சரவையும் பின்னர் ஒப்புதல் அளித்தது.

இக்கழகத்தின் ரப்பர் தோட்டம் இருந்த கச்சால் தீவு தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் அங்குதான் குடியமர்த்தப்பட்டனர். தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ரப்பர் தோட்டக் குடியிருப்புக்கு வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி வந்த ஆழிப்பேரலையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. ஒரே காலைப் பொழுதில் கணவனையும் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்த பெண்ணுக்கு, இழப்பை மெய்ப்பிக்கும் காகிதமும் இல்லை. காணாமற்போனவர் இறந்ததாகக் கொள்ள சாட்சியச் சட்டப்படி 7 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆழிப்பேரலைக்காக மத்திய அரசு தனி நடைமுறை வகுத்து அந்தக் காத்திருப்பைக் குறைத்தது. இல்லையேல் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம்கூட 2011 வரை கிடப்பில் கிடந்திருக்கும்.

வேலை போனால் கையில் என்ன கிடைக்கும்? பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு எளியது: ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்தல். மாதம் ரூ.9,100 பெற்ற ஒருவர் 12 ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் கிடைப்பது ரூ.63,000. இரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதம் ரூ.7,000-ல் சிக்கனமாக வாழ்ந்தாலும் அது 9 மாதங்களில் தீர்ந்துவிடும். ஒரு பள்ளி ஆண்டைக்கூடக் கடக்காது. வேலையோடு கம்பெனிக் குடியிருப்பும் கைவிட்டுப் போவதால், அதுவரை இல்லாத வாடகை வேறு. அரிசி முதல் சிமென்ட் வரை சுமார் 1,200 கி.மீ. கடல் கடந்து வரும் ஊரில், சென்னைக் கப்பல் தாமதமானாலே காய்கறி விலை ஏறும்.

விதவைகளுக்கான தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.300 மட்டுமே. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 40 வயது நிரம்பியவர்களுக்கே. 32 வயதில் தனித்து நிற்பவர், பிள்ளைகள் படிப்பை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும் போலும்! கணவன் கைவிட்டுச் சென்றவருக்கு அதிலும் இடமில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-ல் ரூ.1,000 ஆக்கப்பட்டது. மாத ஓய்வூதியம் பெற, உறுப்பினர் 10 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் ஒரு புதிய ஏற்பாடு உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுதிறன் பயிற்சிக்காக, நிர்வாகம் செலுத்தும் 15 நாள் ஊதியம் 45 நாள்களுக்குள் அவரது கணக்கில் சேர வேண்டும். அதே சட்டம்தான், அரசின் முன் அனுமதியின்றி ஆலையை மூடுவதற்கான வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300-க்கு உயர்த்தியிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது என்று தொழிற்சங்கங்கள் சாடுவதில் நியாயமில்லாமல் இல்லை. அந்தமானின் சிறிய நிறுவனங்களில் பெரும்பாலானவை 100 பேர் என்ற பழைய வரம்பையே எட்டாதவை.

இவற்றை எடுத்துரைக்க தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. இருப்பவர் ஒரே மக்களவை உறுப்பினர். துணைநிலை ஆளுநரின் கோப்புகள் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு வருகின்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றும் முடிவை அறிவித்ததும் அதே அமைச்சகம்தான். அதற்கு அதிகக் காலம் தேவைப்படவில்லை.