கிருஷ்ணன் வேண்டாமென்ற ஏழு லட்சம்

சென்ற மாதம் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேரன் கைப்பேசியைத் தடவிக்கொண்டே, "தாத்தா, நீங்க சொல்ற ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன்ல பெரியவங்க பட்டம் ஜெயிக்கவே இல்லையே. சம்பாதிச்ச பணமும் போடலையே?" என்றான். அவன் பார்த்தது சரிதான். ஆனால் அந்தக் காலத்துக் கணக்கை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அவனுக்குச் சொன்னதை நம் சங்கத்து இளைஞர்களுக்கும் எழுதுகிறேன். நான் ரயில் பாதை பராமரிப்பில் காலம் கழித்தவன். டென்னிஸ் மட்டை பிடித்தவன் அல்லன். கேட்டும் படித்தும் அறிந்ததே இது.

1937-இல் பிறந்த கிருஷ்ணனுக்குத் தந்தையார் டி.கே. ராமநாதனே ஆசான். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல்வர் அவர்தான். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் 1958-இல் பெரியவர் பட்டத்தையே வென்றார்.

கிருஷ்ணனின் சர்வீஸ் யாரையும் மிரட்டியதில்லை. பந்து தரையில் பட்டு எழும்பும் கணத்திலேயே மெல்லத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் போடுவார். வளைவில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்று தெரிந்த டிரைவர்தான் கெட்டிக்காரர் என்பது எங்கள் இலாகாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜாதி ஆட்டம் அது. 1960-இல் விம்பிள்டன் அரையிறுதியில் நீல் ஃப்ரேசரிடம் தோற்றார். 1961-இல் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தி, அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். இரு முறையும் அவரை வென்றவரே பட்டமும் பெற்றார். 1962-இல் நான்காம் தரவரிசை கொடுத்திருந்தார்கள்; கணுக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது.

இனிப் பண விஷயம். அன்று விம்பிள்டனில் ஆடியவர்கள் அமெச்சூர்கள். பயணச் செலவும் தங்கும் செலவும் கிடைக்கும். பரிசுப் பணம் கிடையாது. பணத்துக்கு ஆட ஒப்பந்தம் செய்துகொண்டால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அடைபட்டுவிடும். 1968-இல்தான் விம்பிள்டன் எல்லோருக்கும் திறந்தது. அமெரிக்கரான ஜாக் கிரேமர், நல்ல ஆட்டக்காரர்களை விலை பேசித் தம் குழுவில் சேர்த்து ஊர் ஊராக ஆடவைத்தவர். கிருஷ்ணனுக்கு அவர் மூன்றாண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். டாலர் ஐந்து ரூபாய்க்கும் குறைவாக இருந்த நாள். அப்படியும் ஏழு லட்சத்துக்கு மேல் வருகிறது. என் தந்தையார் அப்போது கேங்மேன், மாதச் சம்பளம் நூறு ரூபாய்கூட இல்லை. கிருஷ்ணன் வேண்டாமென்றார்.

அதனால்தான் 1966-இல் அவர் இந்திய அணியில் இருந்தார். அக்காலத்தில் முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நாடு நேராக இறுதிச் சுற்றில் காத்திருக்கும். மற்ற நாடுகள் மோதி, மிஞ்சும் ஒன்று அதை எதிர்க்கும். கல்கத்தாவில் பிரேசிலுடன் 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் தோமாஸ் கோக் இரண்டுக்கு ஒன்று செட் முன்னிலை. நான்காவது செட்டிலும் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் 7-5, 6-2 என்று வென்றார். இந்தியா முதல் முறையாக இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் பெரியவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தது ஒன்பது வயதுச் சிறுவனான எனக்கு நினைவிருக்கிறது. டென்னிஸ் என்றால் என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்–ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம். பின்னர் மகன் ரமேஷ் 1979-இல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1987-இல் இந்தியா மீண்டும் இறுதிக்குப் போனபோது அவரும் அணியில் இருந்தார்.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏழு லட்சத்தை வேண்டாம்னவரு, அப்புறம் என்னைக்காவது வருத்தப்பட்டிருப்பாரா தாத்தா?" என்றான். நான் கல்கத்தா ஆட்டத்தின் நான்காவது செட்டை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.