கொரியாவில் எட்டெழுத்துப் பொருத்தம்

பெண்ணுக்கு வரன் தேடத் தொடங்கினால் முதலில் ஊரிலிருந்து ஜாதக நகல் தபாலில் வரும். பிறகுதான் மற்றப் பேச்சு. இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று நினைத்தால் அது சரியல்ல. தென் கொரியாவிலும் பையனும் பெண்ணும் பிறந்த வருஷம், மாதம், நாள், வேளை ஆகிய நான்கையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பொருத்தத்திற்கு அங்கே ‘குங்ஹாப்’ என்று பெயர்.

தலையெழுத்தும் எட்டெழுத்தும்

கணக்கின் பெயர் ‘சாஜு’. நான்கு தூண்கள் என்று பொருள். வருஷம் ஒரு தூண், மாதம் ஒன்று, நாள் ஒன்று, வேளை ஒன்று. ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு எழுத்துக்கள். ஓர் எழுத்து 10 ‘வானத் தண்டு’களில் ஒன்று, மற்றது 12 ‘பூமிக் கிளை’களில் ஒன்று. ஆக மொத்தம் எட்டு.

எட்டு எழுத்து என்பதைக் கொரிய மொழியில் ‘பால்ஜா’ என்கிறார்கள். விதி என்பதற்கும் அதே சொல்தான். ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்று நாம் நொந்துகொள்ளும் இடத்தில், ‘என் எட்டெழுத்து’ என்கிறார் கொரியர்.

தண்டும் கிளையும் சேர்ந்து சுழன்று 60 வருஷத்தில் ஒரு சுற்று முடியும். பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணுவதும் அறுபதுதான். அறுபது நிறைவை விழாவாகக் கொண்டாடும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு.

இந்த முறை சீனாவிலிருந்து வந்தது. 1392 முதல் 1910 வரை நடந்த ஜோசோன் மன்னராட்சியில், வானநூல் இலாகா இதற்கெனப் பரீட்சை வைத்து ஆள் எடுத்தது. கண் பார்வை இல்லாதவர்களுக்கும் அந்த இலாகாவில் உத்தியோகம் இருந்தது. கணக்கை மனப்பாடமாகவே வைத்திருந்து பலன் சொன்னார்கள். பிற்காலத்தில், 1960களிலிருந்து, சியோல் நகரின் மியாரி மேட்டுப் பக்கம் பார்வையற்ற ஜோதிடர்கள் குடியேறி, அவர்களுக்கென்றே ஒரு தெரு உண்டாயிற்று.

வெளிப் பொருத்தம், உள் பொருத்தம்

பொருத்தத்தில் இரண்டு வகை. வெளிப் பொருத்தத்திற்குப் பிறந்த வருஷமே போதும். எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று வருஷத்துக்கு ஒரு பிராணி. இவற்றில் நான்கு வருஷ இடைவெளி உள்ளவை நட்பு. ‘நாலு வயசு வித்தியாசமா? பொருத்தமே பார்க்க வேண்டாம்’ என்பது அங்கே சாதாரணப் பேச்சு. ஆறு வருஷ இடைவெளி மோதல். எலிக்குக் குதிரை ஆகாது. புலிக்குக் குரங்கு ஆகாது.

உள் பொருத்தம் நுணுக்கமானது. பிறந்த நாளின் தண்டு எதுவோ அதுவே அந்த மனிதர். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் அவர் எது என்று பார்க்க வேண்டும். நீர் மரத்தை வளர்க்கும். மரம் நெருப்பை வளர்க்கும். நீரே நெருப்பை அணைக்கவும் செய்யும். உலோகம் மரத்தை வெட்டும். எட்டெழுத்தில் ஒருவருக்குக் குறைவானதை மற்றவர் நிறைவு செய்தால் நல்ல ஜோடி. எதைக் குறை என்று கொள்வது என்பதில் ஜோதிடருக்கு ஜோதிடர் அபிப்பிராயம் மாறும்.

பிறந்த வேளையிலும் சிக்கல் உண்டு. ஒரு நாளை இரண்டு மணி நேரம் கொண்ட 12 வேளைகளாகப் பிரிக்கிறார்கள். கொரியக் கடிகாரமோ ஜப்பானுக்கு உரிய தீர்க்கரேகையைப் பின்பற்றுவது. சியோலில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டரை. எனவே ஜோதிடர்கள் அரை மணி கழிக்கிறார்கள். 1987, 1988 கோடைகளில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்ததால், அப்போது பிறந்தவர்களுக்கு அதையும் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் எழுத்தே மாறிப்போகும்.

பொருத்தம் கூடிவிட்டால், பையனின் நான்கு தூண்களைத் தாளில் எழுதி, சிவப்பும் நீலமுமான துணியில் சுற்றிப் பெண் வீட்டுக்கு அனுப்புவது பழைய சம்பிரதாயம். முகூர்த்த நாளைக் குறித்து அனுப்புவது பெண் வீட்டார் பொறுப்பு. சம்மதமில்லாத சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கவும் குங்ஹாப் கைகொடுக்கும். எழுத்து சேரவில்லை என்று சொல்லிவிட்டால் யார் மனமும் புண்படாது.

வெள்ளைக் குதிரை வருஷம்

ஆனால் இந்த நம்பிக்கை மனதைப் புண்படுத்தியதோடு நிற்காத சமயமும் உண்டு. 1990 வெள்ளைக் குதிரை வருஷம். அதில் பிறக்கும் பெண்ணுக்கு எட்டெழுத்து ‘முரடு’, அவள் புகுந்த வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. நம் பக்கம் மூல நட்சத்திரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதைப் போலத்தான். அதே வருஷத்தில் பிறக்கும் ஆணுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் கொரியாவில் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. இயற்கையில் இது 105 அளவில்தான் இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1987லேயே சட்டம் தடை செய்திருந்தும் இந்த நிலை. ஆண் பிள்ளை மோகமும் ஸ்கேன் வசதியும் மூல காரணம். குதிரை வருஷ பயமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஜப்பானில் ‘நெருப்புக் குதிரை’ வருஷமான 1966ல் பிறப்புகளே ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன.

கணக்கையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டெழுத்தில் வரக்கூடிய சேர்க்கைகள் 5 லட்சத்து 18 ஆயிரத்து 400. தென் கொரிய ஜனத்தொகை 5 கோடிக்கு மேல். அப்படியானால் ஒரே எட்டெழுத்தைச் சராசரியாக 100 பேர் பங்கிட்டுக் கொள்கிறார்கள். நூறு பேருக்கும் ஒரே மாதிரி இல்வாழ்க்கையா அமைகிறது?

இன்று காதல் ஜோடிகள் சாஜு பார்க்கும் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து, வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கைப்பேசியிலும் பலன் வருகிறது. ஆண்-பெண் பிறப்பு விகிதமும் 2007ல் 106க்கு இறங்கிவிட்டது. 1990ல் பிறந்த பெண்கள் முப்பதைத் தாண்டி, உத்தியோகமும் குடும்பமுமாக இருக்கிறார்கள்.

இருவர் சேர்ந்து நன்றாக வாழ வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கணக்கு, பெண் குழந்தை பிறக்கலாமா என்று கேட்கும் கணக்காக ஒரு சமயம் மாறியது. எந்த ஊரில் பொருத்தம் பார்ப்பவர்களும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.