யார் காசு, யார் ஏரி?

எதிரி நாட்டோடு ஆராய்ச்சி உறவு வைத்திருக்கிற பல்கலைக்கழகத்துக்கு அரசாங்கம் காசு கொடுக்கலாமா? இன்றைக்கு உலகம் பூராவும் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் 2011இல் வந்த 'வுல்ஃப் திருத்தம்', தனி அனுமதி இல்லாமல் நாசா தன் பணத்தில் சீன அரசோடும் சீன நிறுவனங்களோடும் இருதரப்பு வேலை செய்வதைத் தடுத்தது. கனடா 2024இல் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அவற்றோடு தொடர்புடையவர்கள் குறிப்பிட்ட சில தொழில்நுட்பங்களில் செய்யும் ஆய்வுக்கு மத்திய நிதி கிடையாது என்றது. நம்மூரில் 2019 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சுற்றறிக்கை விட்டது: சீன நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுமுன் உள்துறையிடமும் வெளியுறவுத் துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். கல்வானில் மோதல் நடந்த 2020இல், ஏழு கல்வி நிறுவனங்களில் கன்ஃபூஷியஸ் மையங்களின் பேரில் நடந்த சீன மொழி ஏற்பாடுகளும், ஐஐடி முதலான நிறுவனங்கள் போட்டிருந்த 54 ஒப்பந்தங்களும் மறுபரிசீலனைக்கு வந்தன. அந்த ஏழில் இரண்டு தமிழ்நாட்டில்: கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் விஐடி.

இதைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று பேசலாம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அங்கே ஏது பல்கலைக்கழகம்? உண்மைதான். ஆனால் ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கிற நீளமான தீவின் பெயர் ஸ்ரீஹரிகோட்டா. இன்னொரு நாட்டின் 'எதிரிப் பட்டியலில்' பல வருஷம் இருந்த நிறுவனம் அது. இன்றைக்கு நாம் சீனாவுக்குச் செய்வதை அன்றைக்கு நமக்குச் செய்தார்கள். அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க அந்தக் கரையைவிடத் தோதான இடம் இல்லை.

1991 ஜனவரியில் இஸ்ரோ ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸோடு ஒப்பந்தம் போட்டது. கனமான செயற்கைக்கோளை மேலே தூக்கும் கிரையோஜெனிக் எஞ்சினும், அதைச் செய்யும் வித்தையும் வர வேண்டும். இது ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி, 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் இரண்டு வருஷத் தடை போட்டது. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் ஏழு தருகிறோம், வித்தை கிடையாது என்றார்கள். அடுத்து 1998 மே பொக்ரான். அந்த வருஷம் நவம்பரில் இந்திய நிறுவனங்கள் பல அமெரிக்க வணிகத் துறையின் பட்டியலில் ஏறின. இந்தப் பட்டியல் ரொம்ப சாதுவாகத் தோன்றும். அதில் 'தடை' என்ற சொல்லே வேண்டாம். பட்டியலில் உள்ளவருக்குப் பொருள் அனுப்ப உரிமம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். உரிமம் வருமா, எப்போது வரும் என்று தெரியாததால் விற்பவரே ஒதுங்கிக்கொள்வார். அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஆர். சிதம்பரத்துக்கு அந்த வருஷம் படிகவியல் கூட்டம் ஒன்றுக்குப் போக அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அணுகுண்டுக்காரருக்கு விசா மறுத்ததில் என்ன தப்பு என்று கேட்கலாம். அவர் போக இருந்தது படிகவியல் கூட்டத்துக்கு. ஆளுக்கும் அறிவுக்கும் நடுவே கோடு போட முடியாத இடத்தில் இந்த மாதிரித் தடை ஆளைப் பார்த்துத்தான் விழும்.

2011 ஜனவரியில் இஸ்ரோவின் எஞ்சிய பிரிவுகள் பட்டியலிலிருந்து நீங்கின. 2025 ஜூலை 30 அன்று, எந்த ராக்கெட்டுக்காக 1992இல் தடை போட்டார்களோ அதே ஜிஎஸ்எல்வி வரிசை ராக்கெட் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 'நிசார்' செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தூக்கிப் போனது. எதிரி நண்பராக முப்பத்துமூன்று வருஷம். இது நம் பத்திரிகைகளுக்குப் பெருமிதக் கதை. தடை போட்டதால்தான் நாமே எஞ்சின் செய்தோம் என்பார்கள். உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். சரி, இருக்கட்டும்.

இந்தக் கதை முழுக்க ஏரிக்கு என்ன நடந்தது? ஏவுதளத்துக்காகத் தீவை எடுத்தபோது அங்கே காட்டையும் நீரையும் நம்பி வாழ்ந்த யானாதிகள் வெளியேற்றப்பட்டார்கள். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். தடை இருந்தபோதும் இதேதான், தடை நீங்கிய பிறகும் இதேதான். தேசங்கள் ஒன்றையொன்று எதிரி என்றும் நண்பன் என்றும் அழைத்துக்கொள்ளும் சொல்லாடலுக்குள் குப்பத்துக்கு இடமே இல்லை. (டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்திரியா கோட்டை கட்டி, துணி வாங்கி, அடிமை விற்று, வெடிமருந்தும் செய்தார்கள். வானத்தில் நெருப்பு விடுகிறவர்களுக்கு இந்தக் கரை என்றுமே பிடித்தமானது போலும்.)

அடுத்து பறவை. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் ஏரி இது. வலசைப் பறவையும் அந்நிய நிதியும் சேர்ந்த ஒரு விவகாரம் இந்திய நாடாளுமன்றத்தையே கலக்கியது. இன்றைய விவாதத்தில் அதை யாரும் நினைவுபடுத்தாதது விசித்திரம்.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் செத்தார்கள். க்யாசனூர் காட்டு நோய் என்று பேர் வைத்தார்கள். அந்த வைரஸ் ரஷ்யாவில் உள்ள ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவு என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வரும் பறவை உண்ணியோடு அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. பறவையைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, ரத்தமும் உண்ணியும் எடுத்து ஆராய வேண்டும். சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இதைச் செய்தது. முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவி வந்தது. பிறகு 1960களில் பாங்காக்கிலிருந்து நடத்தப்பட்ட ஒரு வலசை விலங்கு நோய் ஆய்வின் வழியாகப் பணம் வந்தது. அதன் பின்னால் இருந்தது அமெரிக்க ராணுவம். சோவியத் நாட்டிலிருந்து எந்தப் பறவை எந்தக் கிருமியோடு எங்கே போகிறது என்பது பறவைக் காதலருக்கு மட்டும் வேண்டிய தகவல் இல்லையே.

அதே காலத்தில் டெல்லியில் கொசு. மரபியல் வழியில் கொசுவைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தின. டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களில் மலடாக்கிய கொசுக்களை விட்டார்கள். நிதி அமெரிக்காவின் பிஎல்-480 கணக்கிலிருந்து. இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் பணம் கட்டியது. அந்த ரூபாய் அமெரிக்காவின் பேரில் இங்கேயே குவிந்தது. அதை அவர்கள் இங்கேயே செலவழித்தார்கள். நம் தமிழ்ப் புத்தகங்கள் 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்குக் கட்டுக்கட்டாகப் போனதும் இந்தக் காசில்தான். ஆக, 'அந்நிய நிதி' என்று நாம் பயப்படுவது, ரேஷன் கடையில் கோதுமை வாங்கியவன் கொடுத்த ரூபாய். யார் காசு என்ற கேள்வி பார்வைக்குத் தெரிகிற அளவு எளிதானதில்லை.

1974இல் பிடிஐ நிருபர்கள் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஜோதிர்மய் பாசு தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 1975 ஏப்ரலில் தன் 167ஆம் அறிக்கையைத் தந்தது. மலேரியாவில் துடிக்கிற நாட்டில், மஞ்சள் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு மீது ஏன் இத்தனை அக்கறை? மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் கிடையாதே? தகவல் யாரிடம் போகிறது? கிருமி யுத்தத்துக்குப் பயன்படாது என்று யார் உறுதி சொல்வது? குழு எழுப்பிய ஐயங்கள் இந்த வகை. சோனிபட்டில் கொசு விடும் திட்டம் கைவிடப்பட்டது, அந்தப் பிரிவும் மூடப்பட்டது. கிருமி ஆயுதம் என்று எதுவும் நிரூபணமாகவில்லை. விஞ்ஞானிகள் பலர் இதை அறிவியலுக்கு எதிரான கூச்சல் என்றார்கள். அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்தக் குழு கொடியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. பயன் யாருக்கு, ரகசியம் எதற்கு, பதில் சொல்லும் கடமை யாருக்கு என்று தோண்டியது. அறிவும் அதிகாரமும் பிரியாதவை என்று ஃபூக்கோவைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது. அவர் பெயரையே உச்சரிக்காமல் அதைச் செய்துகாட்டிய ஆவணம் அது. (இரண்டே மாதத்தில் நெருக்கடி நிலை வந்து, இப்படிச் செய்தி போட்ட பத்திரிகைகளின் வாயையும் கட்டியது.)

இதை இப்போது நாகாலாந்து விவகாரத்தோடு ஒப்பிடுங்கள். மிமி கிராமத்தில் வருஷத்துக்கு ஒருமுறை குகைக்குள் போய் வௌவால் பிடிப்பார்கள். அவர்களில் 85 பேரின் ரத்தத்தை எடுத்து, வௌவால் வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்த ஆய்வு 2019 அக்டோபரில் வெளியானது. எழுதிய பன்னிரண்டு பேரில் இருவர் சீனாவின் வூகான் வைராலஜி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். பணத்தில் ஒரு பங்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவுடையது. கொரோனா வந்த 2020இல் இது பெரிய செய்தியாகி, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விசாரித்தது. மாதிரிகள் நாட்டை விட்டுப் போகவில்லை, வூகான்காரர்கள் சோதனைப் பொருள் மட்டும் தந்தார்கள் என்றது ஆய்வில் பங்குபெற்ற பெங்களூர் நிறுவனம். மாதிரி எல்லை தாண்டியதா, அனுமதி இருந்ததா என்பதோடு நம் பத்திரிகைப் பேச்சு முடிந்தது. ரத்தம் கொடுத்த 85 பேருக்கு முடிவை யாராவது சொன்னார்களா, அந்த அறிவால் அவர்கள் குகை வாழ்க்கைக்கு என்ன ஆகும் என்று பேச ஆளில்லை. 1975இன் கேள்விகளில் பாஸ்போர்ட் மட்டும் மிஞ்சியது.

2021 ஜனவரியில் இது இன்னும் மேலே போனது. அரசு நிதி பெறும் நிறுவனங்கள் இணையவழிச் சர்வதேசக் கருத்தரங்கு நடத்தும்போது, எல்லை, பாதுகாப்பு, காஷ்மீர், வடகிழக்கு மட்டுமல்லாமல் நாட்டின் 'உள்விவகாரம்' எதைப் பேசினாலும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது கல்வி அமைச்சகம். அறிவியல் கழகங்களே எதிர்த்ததால் பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். இந்த 'உள்விவகாரம்' என்ற சொல்லைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவது உள்விவகாரமா, வெளிவிவகாரமா? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைக் குப்பங்கள் எதிர்க்கின்றன. 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர், திட்டம் போடுகிறவரேதான். சுத்தமான சுதேசிக் காசு, எந்தப் பட்டியலிலும் வராது. ஏரியைப் பற்றிய அறிவு கரைக்காரர்களுக்கு எதிராகத் திரும்புவதற்கு வெளிநாடு தேவையே இல்லை.

இதனால் எல்லாக் கதவையும் திறந்துவிடு என்பதல்ல என் வாதம். ராணுவக் காசு வேறு, மொழி வகுப்பு வேறு. இரண்டையும் ஒரே படிவத்தில் அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன். கோவையில் சீனம் சொல்லிக்கொடுப்பதைத் துருவுகிற அரசு, அமெரிக்க ராணுவ நிதியை 'நட்பு நாடு' என்று விட்டுவிடலாம். பட்டியல் நாளைக்கு மாறும், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு மாறியதைப் போல. மாறாமல் கேட்க வேண்டியதை 1975 குழு ஓரளவு கேட்டது. அதுகூட அதிகாரிகளைக் கேட்டதே தவிர, கொசு விட்ட கிராமத்தைக் கேட்கவில்லை.

அப்படியானால் ஊரைக் கேட்கலாமே என்போம், உடனே. நம் இயக்கத் தோழர்களுக்கு 'ஊர்' என்றால் ஒரு பவித்திரம். பழவேற்காட்டில் மீன்பிடிக்கு 'பாடு' முறை உண்டு. சுத்துவலை போடும் இடமும் நாளும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஏரியை இத்தனை காலம் காத்தது இதுதான் என்று நாம் மெச்சுவோம். இங்கே வந்து ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் சாரா கூல்தார்டு 2008இல் எழுதிய கட்டுரை, பாடு உள்ளவர் இல்லாதவர் என்ற பிளவையும் சேர்த்தே பேசியது. பாடு பட்டினவர்களுடையது. தலித்துகளுக்கும் பிறருக்கும் அதில் பங்கில்லை. நாம் மெச்சிக்கொண்டிருந்த ஒன்றின் மறுபக்கத்தை எழுதியது ஓர் அந்நிய ஆய்வு. அதைத் தேச நலன் என்ற சல்லடையில் சலித்தால் எந்தப் பக்கம் விழும்?

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால்தான் உட்காருவார்கள். அங்கே பேசுகிறவர்கள் ஆண்கள், பாடு உள்ளவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.