குலுக்கிப் போடுங்க டாக்டர்!

என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "புது மாத்திரை ஒண்ணைப் பரிசோதனை பண்றோம், சேர்றீங்களா? பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்" என்றார்.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் உடம்பென்ன சீட்டுக் கம்பெனியா, குலுக்கிப் போட?"

நான் பி.காம். ஆதாயம் எந்தப் பக்கம் என்றுதான் புத்தி போகும். "சார், பார்த்து... புது மாத்திரைப் பக்கம் தள்ளி விடுங்களேன்" என்றேன் ரகசியமாக.

"இந்தச் சிபாரிசுக்குப் பயந்துதான் சார் குலுக்கலே!" என்று சிரித்தவர், ஒரு பால் கணக்கு சொன்னார். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். நிஜம்தான்!

1930. ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர். தினம் பால் குடித்தால் பிள்ளைகள் நன்றாக வளர்வார்களா என்று பார்க்க, பள்ளிகளில் 20,000 பேரைத் திரட்டினார்கள். 10,000 பேருக்குப் பால். 10,000 பேருக்கு இல்லை. சீட்டெடுத்தோ, பெயர் வரிசைப்படியோதான் பிரித்தார்கள். ஆனால், ஒரு பக்கம் நோஞ்சான்கள் அதிகமானால் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. வந்தது வினை!

நாலு மாதம் கழித்துப் பார்த்தால், பால் குடிக்காத கோஷ்டி ஆரம்பத்திலேயே உயரத்திலும் எடையிலும் முந்தி நின்றிருக்கிறது. 1931-ல் இதைப் போட்டு உடைத்தவர் கின்னஸ் பீர் கம்பெனியின் கணக்குப் புலி வில்லியம் காஸெட். ஏழைப் பிள்ளைகளைப் பார்த்து மனசு இளகிய வாத்தியார்கள், தங்களையறியாமல் பாலை அந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்றார். இன்னொரு கூத்து: பிள்ளைகளை உடுப்போடு நிறுத்தார்கள். முதல் எடை குளிர்காலத்தில், கடைசி எடை கோடையில். வசதியான பிள்ளை கனத்த கம்பளியைக் கழற்றியதும் எடை குறைந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கழற்ற என்ன இருந்தது? பாலின் பெருமையில் கம்பளியும் கலந்துவிட்டது!

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நல்ல மனசுதான் கணக்கைக் கெடுத்தது.

அதனால்தான் பிரிட்டனில் டி.பி.க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது, பிராட்ஃபோர்ட் ஹில் மனசை நம்பவில்லை. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் எண்களால் முடிவு செய்து, உறையில் போட்டு ஒட்டினார். ஆளைச் சேர்த்த பிறகுதான் உறை பிரியும். 1948-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4. வெறும் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14. உறையை யாரும் முன்கூட்டிப் பிரிக்காததால், அந்த வித்தியாசத்தை நம்ப முடிந்தது.

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னேன். மறுவாரம் கையெழுத்துப் போட்டார். "எனக்கு விழுந்தது எது டாக்டர்?"

"பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி. எனக்கே தெரியாது!"

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், சிபாரிசு செல்லாத இடம் ஒண்ணு இருக்குடா!"