கடல் கடக்கும் இல்லறமும் விசாத் தேர்வும்

தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் பணி தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்வதும், அங்கிருந்து அயல்நாடுகளுக்குப் பெயர்வதும் நாம் அன்றாடம் காணும் காட்சி. அவ்வாறு செல்வோருள் சிலர் அயல்நாட்டுக் குடியுரிமை உடையவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கின்றனர். மலேசியத் தமிழ்க் குடும்பங்களோடு மணவுறவு கொள்வாரும் உளர். திருமணம் முடிந்ததும் ஒரு வினா எழுகின்றது: துணைவரின் நாட்டில் குடியேற எவ்வகை விசாவை நாடுவது?

எது விரைவில் கிடைக்கும், எதற்குக் கட்டணம் குறைவு என்னும் இரண்டையே பலரும் கருதுகின்றனர். விசா என்பது வெறும் பயணச் சீட்டன்று. புதிய மண்ணில் ஒருவர் எத்தகைய உரிமையோடு வாழ்வார் என்பதை முன்னரே வரையறுப்பது அதுவே. ஆதலின் மூன்று வினாக்களை நாம் எழுப்ப வேண்டும். விண்ணப்பித்தபின் எங்கே காத்திருப்பது? சென்றடைந்ததும் பணிபுரிய இசைவு உண்டா? துணைவர் மறைந்தாலோ மணவாழ்வு முறிந்தாலோ நிலை என்ன?

மூவகை வழிகள்

மணம் புரிவதற்காகவே செல்வது ஒரு வழி. மணந்தபின் துணைவராகச் செல்வது மற்றொன்று. தம் கல்வி, தொழில் தகுதியால் தனித்து விசா பெறுவது மூன்றாவது.

அமெரிக்கச் சட்டத்தில் முதல் இரு வழிகளின் வேறுபாடு தெளிவாக விளங்கும். அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் தாம் மணக்கவிருப்பவருக்காகக் 'கே-1' விசா கோரலாம். சென்றவர் 90 நாள்களுக்குள் மணம் புரிந்து, அதன்பின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலைக்குத் தனி இசைவு பெறும்வரை உழைக்க இயலாது. மணந்தபின் பெறும் துணைவர் விசாவில் காத்திருப்பு ஓராண்டிற்கு மேலும் நீளக்கூடும். எனினும் நிரந்தர வசிப்பாளராகவே நுழைவதால் முதல் நாள் தொட்டுப் பணிபுரியலாம். மணமாகி ஈராண்டு நிறையாதவருக்கு நிபந்தனையுடன் கூடிய ஈராண்டு வசிப்புரிமையே வழங்கப்படும். அந்நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தல் வேண்டும். மணமுறிவோ கொடுமையோ நேர்ந்திருந்தால், உண்மையான மணமே நடந்தது என்று மெய்ப்பித்துத் தனித்தும் விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டனில் மணம் புரியச் செல்வோருக்கு ஆறு மாத விசா உண்டு. ஆயின் அக்காலத்தில் வேலை செய்யக் கூடாது. துணைவர் விசாவில் செல்வோர் பணிபுரியலாம். ஐந்தாண்டுகளுக்குப்பின் நிலையான குடியமர்வு கோரலாம். அங்குள்ள துணைவரின் ஆண்டு வருவாய் 29,000 பவுண்டு இருக்கவேண்டும் என்பது 2024 ஏப்ரலில் வந்த விதி. அதற்கு முன் 18,600 பவுண்டு போதுமானதாக இருந்தது. இங்கிருந்து விண்ணப்பிப்பவர் இங்கே ஈட்டும் ஊதியம் இக்கணக்கில் சேராது.

செருமானியக் குடிமகனை மணந்தவர் பொதுவாக அந்நாட்டு மொழியின் தொடக்கநிலைத் தேர்வில் முன்னரே தேறியிருத்தல் வேண்டும். சென்றபின் பணிபுரியத் தடையில்லை. அங்கு மூன்றாண்டுகள் மணவாழ்வு நடத்தியவருக்கு, மணம் முறிந்தாலும் தனி வசிப்புரிமை உண்டு. மலேசியாவிலோ துணைவருக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதியே கிடைக்கும். பணிபுரியக் குடிநுழைவுத் துறையின் தனி ஒப்புதலைப் பெறவேண்டும். ஊரில் ஆசிரியப் பணியை விட்டுச் செல்லும் பெண்ணொருத்திக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. கையில் வருவாயும் தனியுரிமையும் இன்றித் துணைவரின் கையொப்பத்தை நம்பியே வாழும் நிலை, அன்பு நிறைந்த இல்லத்திலும் அச்சத்தை விதைக்கும்.

மூன்றாம் வழியான வேலை விசா மணவுறவைச் சார்ந்ததன்று. ஆயின் பெரும்பாலும் வேலை தந்தவரைச் சார்ந்தது. வேலை போயின் விசாவும் நிலையற்றதாகும். ஆதலின் இதனைத் தேர்வோரும் மேற்கூறிய வினாக்களைக் கேட்டே தீரவேண்டும். சுற்றுலா விசாவில் சென்று அங்கேயே தங்கிவிடலாம் எனத் தரகர் சொல்வதை நம்பலாகாது. பிரிட்டனில் வருகையாளராகச் சென்றவர் அங்கிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற விதியில்லை. குடியேறும் நோக்கத்தை மறைத்து நுழைவதை அமெரிக்கா பொய்யுரையாகக் கருதக்கூடும்.

இங்கே முடிக்க வேண்டியவை

எவ்வழியாயினும் சான்றுகளே அடித்தளம். பள்ளிவாசலிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ மணம் நடந்தாலும், தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாள்களுக்குள் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். நிக்காஹ் பதிவேட்டின் படி ஒன்றே போதும் என எண்ணி இருந்துவிடலாகாது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணப்போருள் ஒருவர் அம்மாவட்டத்தில் 30 நாள்களேனும் வசித்திருத்தல் வேண்டும். அறிவிப்பு வெளியிட்டபின் மேலும் 30 நாள்கள் காத்திருத்தலும் வேண்டும்.

நம்மவர்க்கு இடர் தருவது பெயரின் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரித்தெழுதப்படும். பள்ளிச் சான்றிலும் மணச் சான்றிலும் ஒற்றை எழுத்தாகவே நிற்கும். இம்முரண்பாட்டை முன்னரே களைதல் நன்று. மலையூர்களில் வீட்டிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாதோர் உளர். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவை. நம் மாவட்டத்தில் தருமபுரி, அரூர் ஆகிய இரண்டும் வருவாய்க் கோட்டங்கள். சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதுமா, தூதரக மேலொப்பம் வேண்டுமா என்பது நாட்டிற்கு நாடு வேறுபடும்.

திரும்பி வரும் வழி

பெற்றோரைப் பேணவோ பிறந்த மண்ணில் வாழவோ திரும்ப நேரலாம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அயல்நாட்டுத் துணைவர், மணம் பதிவாகி ஈராண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், சில விலக்குகளுக்கு உட்பட்டு, 'ஓ.சி.ஐ.' எனப்படும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மணமுறிவு ஏற்பட்டால் அவ்வட்டை நீக்கப்படலாம் என்பதும் சட்டமே. துணைவரைச் சார்ந்து வாழும் நிலை பிறநாட்டில் மட்டுமன்று, நம் நாட்டிலும் உண்டு என்பதை இது உணர்த்தும்.

மணமகனின் குடும்பத்தையும் குணத்தையும் ஆராயும் நாம், மகளோ மகனோ செல்லும் விசாவின் விதிகளையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் படித்தறிவது கடமை. சில மாதக் காத்திருப்பு பெரிதன்று; சென்ற இடத்தில் தம் காலில் நிற்கும் உரிமையே பெரிது.