படகு மோட்டாரின் திராட்டில் சென்சார்: மீட்டர் காட்டும் எண்ணை அறிந்துகொள்வது எப்படி?

கடலோரச் சிற்றூர்களில் பயிர்த்தொழிலுடன் மீன்பிடித் தொழிலையும் மேற்கொண்டுள்ள குடும்பங்கள் பல. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. இப்படகுகள் பலவற்றில் அவுட்போர்டு மோட்டார் எனப்படும் வெளிப்பொருத்து இயந்திரம் பயன்படுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டாரில் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். எரிபொருளை மின்முறையில் தெளிக்கும் இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டாரில் பல கோளாறுகளை மீட்டர் வைத்துத்தான் அறிய முடியும்.

இவ்வகை மோட்டாரில் வேகம் ஏறத் தயங்கினாலோ, மெதுவோட்டம் சீராக இல்லாவிட்டாலோ, "திராட்டில் சென்சார் போய்விட்டது" என்று கூறிப் புதியதை மாட்டிவிடுவது உண்டு. பணம் செலவான பின்னும் கோளாறு அப்படியே இருக்கும். முகத்துவாரத்தில் அலையைக் கடக்கும்போது மோட்டார் சக்தி குன்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மீட்டர் காட்டும் எண்ணின் பொருளை மோட்டார் வைத்திருப்போர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

சென்சாரின் வேலை என்ன?

ஏரி மதகின் பலகையை எவ்வளவு தூக்கினோமோ, அதற்கேற்ப நீர் பாய்கிறது. அதுபோல மோட்டாருக்குள் செல்லும் காற்றின் அளவைத் திராட்டில் தகடு கட்டுப்படுத்துகிறது. அத்தகடு எவ்வளவு திறந்துள்ளது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிப்பதே இச்சென்சாரின் வேலை. அச்செய்தியையும் பிற சென்சார்களின் செய்திகளையும் கொண்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்பவற்றை அப்பெட்டி முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இதே சென்சார் இருக்கிறது.

சாதாரணமாக இதில் மூன்று கம்பிகள் இருக்கும். ஒன்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் வரும். மற்றொன்று எர்த். மூன்றாவது செய்திக் கம்பி. தகடு திறக்கத் திறக்கச் செய்திக் கம்பியில் வோல்ட் ஏறும். பல மோட்டார்களில் தகடு மூடியிருக்கும்போது 0.5 முதல் 1 வோல்ட் வரையிலும், முழுதும் திறந்திருக்கும்போது 4 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். சரியான எண் மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும். தங்கள் மோட்டாரின் கைப்புத்தகத்தில் உள்ள எண்ணையே அளவாகக் கொள்ள வேண்டும்.

விழுக்காட்டைக் கணக்கிடுதல்

மெக்கானிக்கின் கருவி திறப்பை விழுக்காட்டில் காட்டும். மல்டிமீட்டர் வோல்ட்டில்தான் காட்டும். மூடிய நிலையில் 0.7, முழுத் திறப்பில் 4.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 3.5 வோல்ட். இப்போது மீட்டர் 1.4 காட்டினால், அதில் 0.7ஐக் கழிக்க மீதி 0.7. இது 3.5இல் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே திறப்பு 20 விழுக்காடு. 1.4ஐ நேரடியாக 5ஆல் வகுத்தால் 28 என்ற தவறான விடை கிடைக்கும்.

சோதிக்கும் முறை

மோட்டார் ஓடாமல், கியர் விழாமல், சாவியை மட்டும் திறந்து வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பாட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டக்கூடாது. கம்பியின் மேலுறையை ஊசியால் குத்தக்கூடாது. அத்துளை வழியே உப்புநீர் புகுந்து கம்பியை அரித்துவிடும். கப்ளரின் பின்புறமாக முனையைச் செருகி அளப்பதே முறை. பல்பு வைத்துச் சோதிப்பது கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுக்கலாம். மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எர்த்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கண்ட வரிசையில் பார்க்கவும்.

1. வரும் மின்சாரம்: 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 4.5 மட்டுமே வந்தால் 0.7 என்பது 0.63 ஆகவும், 4.2 என்பது 3.78 ஆகவும் குறையும். இங்கே குறை சென்சாரில் இல்லை.

2. எர்த் கம்பி: ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். உப்புக்காற்றால் கப்ளரில் களிம்பு ஏறியிருந்தால் இங்கே வோல்ட் தெரியும். அப்போது செய்திக் கம்பியின் எண்ணும் உயரும். தகடு மூடியிருந்தும் சற்றே திறந்திருப்பதாகப் பெட்டி எண்ணும். மெதுவோட்டம் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

3. மூடிய நிலை: முதல் இரண்டும் சரியாக இருந்து இந்த எண் மட்டும் மாறியிருந்தால், தகடு முழுதும் மூடுகிறதா, கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

4. மெல்லத் திறத்தல்: இயந்திரத்தில் உள்ள திராட்டில் நெம்பியைக் கையால் மெல்ல நகர்த்தவும். எண் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் திடீரென விழுந்து எழுந்தால் சென்சாரின் உட்தடம் தேய்ந்திருக்கலாம். இதற்கு முள் மீட்டர் மிகவும் ஏற்றது. முள் துள்ளுவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

5. முழுத் திறப்பு: கையால் திறந்தால் சரியான எண்ணும், ரிமோட் கைப்பிடியால் திறந்தால் குறைந்த எண்ணும் வந்தால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். கியர் விழாதபோது முழுத் திறப்பைத் தடுக்கும் அமைப்பு சில மோட்டார்களில் உண்டு. அதைக் கோளாறாகக் கருதக்கூடாது.

முதல் மூன்றும் சரியாக இருந்து, நான்காவதில் எண் துள்ளினால் மட்டுமே சென்சாரை மாற்றுவது பற்றி எண்ணலாம். அப்போதும் கப்ளரை ஒருமுறை துடைத்து மாட்டி மறுபடி பார்ப்பது நல்லது. புதிய சென்சாரை மாட்டியபின் மூடிய நிலை எண்ணைச் சில மோட்டார்களில் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். கேபிள் இன்றி மின்முறையில் தகட்டைத் திறக்கும் பெரிய மோட்டார்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் உண்டு. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே சரி.

குறித்து வைத்தல்

மோட்டார் நன்றாக ஓடும் காலத்திலேயே இந்த ஐந்து எண்களையும் அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்ற காலம். பின்னாளில் கோளாறு வரும்போது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டால் குறை எங்கே என்பது விரைவில் விளங்கும். சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடமும் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம். இதனால் வீண் செலவு குறையும். கடலில் மோட்டாரை நம்பிச் செல்லவும் முடியும்.