குழல் லென்ஸுக்கு ஷட்டர் பொருத்துவது எப்படி?

சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1895-இல் கொல்கத்தாவில் அச்சுக்கான பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அது ‘யு. ராய் அண்ட் சன்ஸ்’ என்று பெயர் பெற்றது. ஒளிப்படத்தை நுண்புள்ளிகளாகப் பிரித்து அச்சேற்றும் ஹாஃப்டோன் முறையை அவர் ஆழமாக ஆராய்ந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலர் தொடர்ந்து வெளியிட்டது. இத்தகைய தொழிற்கூடங்களில் நடுநாயகமாக நின்றது புராசஸ் கேமரா. அதில் இருந்தது ஷட்டர் இல்லாத குழல் லென்ஸ்.

அச்சுத் தகடு செய்யும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டதும் இந்த லென்ஸ்களுக்கு வேலை போய்விட்டது. பல லென்ஸ்கள் பழைய சாமான்களோடு கைமாறுகின்றன. ஆனால் 4×5, 8×10 அங்குல ஃபிலிமில் படமெடுப்பவர்களுக்கு இவை அரிய பொருள். இவற்றில் நேர்கோடு வளையாது, நிறம் பிரியாது. ஷட்டர் ஒன்றுதான் குறை. லென்ஸைச் சிதைக்காமலே அந்தக் குறையைத் தீர்க்கலாம்.

ஏன் ஷட்டர் இல்லை?

புராசஸ் கேமராவில் அசையாத மூலப்படத்தை விளக்கொளியில் பல நொடிகள், சில நேரம் நிமிடக்கணக்கில் எடுப்பார்கள். மூடியைக் கழற்றி மாட்டினாலே போதும். 1867-இல் கொல்கத்தாவில் ஸ்டுடியோ திறந்து 2016 வரை நடத்திய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனத்தின் தொடக்க காலமும் அப்படித்தான். ஈரக் கொலோடியன் தகட்டுக்கு நொடிக்கணக்கில் ஒளி வேண்டியிருந்தது.

முதலில் ஒரு கணக்கு

எல்லோருக்கும் ஷட்டர் தேவையில்லை. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16-இல் சுமார் 1/100 நொடி, எஃப் 32-இல் 1/25 நொடி ஒளி போதும். அந்த வேகத்தில் கையால் மூடியைத் திறந்து மூட முடியாது. ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டால் 1/25 நொடி ஏறக்குறைய இரண்டரை நொடியாகிவிடும். ஃபிலிமுக்குப் பதில் பிரின்ட் தாளை வைத்து, அதை ஐஎஸ்ஓ 6 என்று கொண்டால் எஃப் 45-இல் ஒரு நொடிக்கும் சற்று மேலாகும். கட்டடம், கோயில், அசையாப் பொருள் எடுப்பவருக்கு மூடியே போதும். ஆளையும் தெருவையும் எடுப்பவருக்குத்தான் ஷட்டர் கட்டாயம்.

மூன்று வழிகள்

முதல் வழி, லென்ஸின் முன்பகுதியையும் பின்பகுதியையும் குழலிலிருந்து கழற்றி ஷட்டரின் இரு பக்கமும் திருகுவது. ஷ்னைடர் நிறுவனத்தின் ஜி-கிளாரான் வகையில் பல லென்ஸ்கள் நேரடியாகப் பொருந்தும். 210 மி.மீ. லென்ஸ் கோப்பல் 1 ஷட்டரில் உட்காரும். மற்ற லென்ஸ்களில் இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள தூரம் குழலில் இருந்தபடியே அமைய வேண்டும். அது மில்லிமீட்டரின் சிறு பங்கு மாறினாலும் படத்தின் கூர்மை கெடும். கழற்றும் முன்பே வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது வழி, முழுக் குழலையும் ஒரு வளையத்தின் மூலம் ஷட்டரின் முன்னால் மாட்டுவது. கண்ணாடியைத் தொடவே வேண்டாம். லென்ஸின் சொந்தத் துளையைப் பயன்படுத்தி, ஷட்டரின் துளையை முழுதாகத் திறந்தே வைக்கலாம். ஆனால் ஷட்டரின் வாய் போதிய அகலம் இருக்க வேண்டும். 300 மி.மீ., எஃப் 9 லென்ஸின் துளை ஏறத்தாழ 33 மி.மீ. கோப்பல் 1-இன் வாய் 30 மி.மீ.தான். கோப்பல் 3-க்கு 45 மி.மீ. இருப்பதால் அதுவே ஏற்றது. சிறிய ஷட்டரை மாட்டினால் படத்தின் மூலைகள் இருளும்.

மூன்றாவது வழி, தனி ஷட்டர். தார்ன்டன்-பிக்கார்ட் திரைச்சீலை ஷட்டரை லென்ஸின் முன்வாயில் செருகலாம். காற்றுப் பந்தை அமுக்கி இயக்கும் பேக்கார்ட் ஷட்டரை மரக் கேமராவில் லென்ஸ் பலகைக்குப் பின்னால் வைக்கலாம். ஒன்றை வாங்கினால் பல லென்ஸ்களுக்கு உதவும்.

துளை அளவுகள்

முதல் வழியில் ஷட்டரின் துளையே லென்ஸின் துளையாகிறது. வேறு லென்ஸுக்காக அதில் பொறித்த எண்கள் இங்கே செல்லாது. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் குவியத் தூரத்தை வகுத்தால் சரியான எண் கிடைக்கும். 210 மி.மீ. லென்ஸில் துளை 6.6 மி.மீ. தெரிந்தால் அது எஃப் 32. இப்படிக் கணக்கிட்டுப் புதிய அளவுப்பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

குழலோடு மாட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல புராசஸ் லென்ஸ்களின் குழலில் ஒரு பிளவு இருக்கும். வெவ்வேறு வடிவத் துளையுள்ள தகடுகளைச் செருகத்தான் அது. துளையின் வடிவம் அச்சுப் புள்ளியின் வடிவத்தை மாற்றும். பல துளைத் தகடுகளைப் பற்றி உபேந்திரகிஷோரே பென்ரோஸ் மலரில் எழுதியிருக்கிறார். நமக்கோ அந்தப் பிளவு ஒளி கசியும் ஓட்டை. கறுப்பு டேப் சுற்றி அடைத்துவிட வேண்டும்.

லேத் பட்டறையில்

வளையம் கடைவதற்குக் கொல்கத்தாக்காரர்கள் ஆற்றைக் கடந்தால் போதும். ஹவுராவின் பெலிலியஸ் சாலை லேத் பட்டறைகளுக்குப் பெயர் போனது. நம் ஊர்க்காரர்களுக்குக் கோவைப் பட்டறைகள் உண்டு. விட்டத்தை மட்டும் சொன்னால் வேலை கெடும், மரையின் பிட்ச்சையும் சொல்ல வேண்டும். கோப்பல் 1-இன் முன்பக்க மரை 40 மி.மீ. விட்டம், 0.75 மி.மீ. பிட்ச். வளையம் அலுமினியத்தில் இருந்தால் எடை குறையும். உட்புறம் பளபளக்காத கறுப்பாக இருக்க வேண்டும். உலோகத்தூள் பறக்கும் இடத்துக்குக் கண்ணாடியைக் கொண்டுபோகவே கூடாது. வெற்றுக் குழலையோ அளவுகளையோ கொடுத்தால் போதும்.

குழலை அறுப்பதும் அதன் மரையைக் கடைந்து மாற்றுவதும் கடைசி வழியாகக்கூட இருக்க வேண்டாம். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் வேலையே நல்ல வேலை. சிவகாசியிலோ சென்னையிலோ அச்சகம் வைத்திருப்பவர்கள் மூடிக்கிடக்கும் இருட்டறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே குழல் லென்ஸ் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். படமெடுக்கும் ஒருவர் கையில் கொடுங்கள்.